போனா, ஸ்டுடியோ கேமராவா? வேலூரில் முதல் குறும்படம் எடுப்பவர்களுக்கு

கதை பேசி முடித்ததும் மாணவர் குழுவில் அடுத்து வருவது இந்தக் கேள்விதான். கையில் இருக்கும் போனிலேயே எடுத்துவிடலாமா, இல்லை கல்யாண ஸ்டுடியோவில் கேமராவை வாடகைக்குக் கேட்பதா? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் முடிந்தால் போதும் என்றால் போன். ஒளிப்பதிவு கைக்குப் பழக வேண்டும் என்றால் கேமரா. எதை எடுத்தாலும், மிச்சமிருக்கும் காசு மைக்குக்குப் போகட்டும்.

முதலில் வெயில். வேலூர் வெயிலில் போன் இரண்டு விதத்தில் தோற்கும். பெரும்பாலான போன்களில் லென்ஸின் திறப்பை மாற்ற முடியாது. அதனால் வெளிச்சம் கூடும்போது போன் தானாகவே ஷட்டர் வேகத்தை ஏற்றிவிடும். நடக்கிறவர் வெட்டி வெட்டி நடப்பதுபோலத் தெரிவது இதனால்தான். கேமராவில் எஃப்/16, எஃப்/22 என்று (எண் கூடக் கூடத் திறப்பு சுருங்கும்) திறப்பைச் சுருக்கிவிட்டு ஷட்டரை 1/50 நொடியிலேயே வைத்துக்கொள்ளலாம். போனில் அதே வேலைக்கு மேலே ஒரு என்டி ஃபில்டர், அதாவது வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி, மாட்ட வேண்டும். இன்னொன்று சூடு. மே மாதப் பாலாற்று மணலில் 4கே எடுத்தால் போன் கொதித்து ரெக்கார்டிங்கையே நிறுத்திவிடலாம். ஷாட்டுக்கு ஷாட் நிழலில் வையுங்கள், 1080பி-யில் எடுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து எடுக்கும் யோசனை மட்டும் வேண்டாம், உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

வீட்டுக்குள் வந்தால் கணக்கு மாறுகிறது. ஸ்டுடியோக்காரர் கேமராவோடு வரும் கிட் லென்ஸோடு 50 எம்எம் எஃப்/1.8 ஒன்றையும் தருவார். பின்னால் மங்கலாக அழகாகத்தான் விழும். ஆனால் கேனான் 1500டி மாதிரிச் சின்ன சென்சார் கேமராவில் அந்த 50 எம்எம், 80 எம்எம் போல நடந்துகொள்ளும், அதாவது எல்லாவற்றையும் கிட்டே இழுத்துக் காட்டும். சலவன்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன வீட்டுக் கூடத்தில் இரண்டு பேரை அதில் சேர்த்துக் காட்ட, கேமராக்காரர் வாசல்படியைத் தாண்டித் தெருவில்தான் நிற்க வேண்டும். போனின் அகல லென்ஸ் அதே கூடத்தை மூலையில் நின்றபடி அள்ளிவிடும். இரவுக் காட்சியில் மட்டும் போன் திணறும், நிழல் எல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

டியூப்லைட் ஒளியில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றனவா? போனைக் குறை சொல்லாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், போனோ வழக்கமாக நொடிக்கு 30 ஃபிரேமில் எடுக்கும். 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று பூட்டிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். இலவசமாகக் கிடைக்கும் பிளாக்மேஜிக் கேமரா செயலியில் பல போன்களில் இதைச் செய்யலாம். கேனானில் மெனுவுக்குள் போய் வீடியோ சிஸ்டத்தை ‘பால்’ (PAL) என்று மாற்றினால்தான் 25 ஃபிரேம் கண்ணில் படும். இந்த மாதிரிச் சமாச்சாரங்களைக் கேமரா உங்களைத் தேட வைக்கும், போன் மறைத்து வைக்கும். கற்றுக்கொள்ளக் கேமரா என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒலிக்கு வருவோம். படம் கொஞ்சம் மங்கினால் பார்க்கிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், வசனம் கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். 1500டி-யில் வெளி மைக் செருகும் துளையே இல்லை, 200டி-யில் உண்டு. வாடகைக்கு எடுக்கும்முன் இதைக் கேட்டுவிடுங்கள். துளை இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. நடிகர் சட்டைக்குள் காலர் மைக்கை ஒட்டி, இன்னொரு போனில் செருகி, ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, ஏரோபிளேன் மோடில் பாக்கெட்டில் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு டேக் தொடக்கத்திலும் கேமரா முன் ஒரு கைத்தட்டல். எடிட்டில் அந்தச் சத்தத்தை வைத்துப் படத்தோடு சேர்த்துவிடலாம். டேக் ஓடும்போது ஃபேன் நிற்க வேண்டும், வியர்த்தால் வியர்க்கட்டும். ஃபிரிட்ஜையும் அணைத்து, பைக் சாவியை அதற்குள்ளேயே வையுங்கள். கிளம்பும்போது சாவியைத் தேடித் திறப்பீர்கள், மறுபடி ஆன் செய்யும் ஞாபகமும் வரும். வீட்டுக்கார அம்மாவின் பால் கெட்டுப்போனால் அடுத்த நாள் லொகேஷன் கிடையாது.

எடிட்டிங்கை விஎன் மாதிரி செயலியில் போனிலேயே முடிக்கலாம். தனி ஒலி, கலர் என்று போனால் லேப்டாப்பில் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள். அதன் இலவசப் பதிப்பே இந்த அளவு படத்துக்குத் தாராளம். ஆனால் 8 ஜிபி லேப்டாப் மூச்சு வாங்கும், பிராக்ஸி, அதாவது எடிட்டுக்கு மட்டும் எடை குறைந்த நகல், போட்டுக்கொள்ளுங்கள். போன் வீடியோவில் ஃபிரேம் வேகம் சீராக இருக்காது. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் ஒருமுறை நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டு ஆரம்பிக்காவிட்டால், நீளமான ஷாட்டில் உதடும் வசனமும் மெல்ல விலகும். ஒரே காட்சியில் போனையும் கேமராவையும் கலக்காதீர்கள், நிறத்தை ஒட்டவைப்பதற்குள் விடிந்துவிடும்.

கோட்டை விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், படப்பிடிப்புக்கு அனுமதி வாங்க வேண்டும். போனில் எடுத்தாலும் படப்பிடிப்பு படப்பிடிப்புதான். காட்பாடி ஜங்ஷனுக்கும் அப்படியே, ரயில்வேயிடம் கேட்க வேண்டும்.

கடைசியாகப் பஞ்சாங்கம். முகூர்த்த நாளில் எந்த ஸ்டுடியோவும் கேமராவைக் கண்ணில் காட்டாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாமல் கேமரா அலமாரியில் தூங்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம், சும்மா இருக்கும் அண்ணன் ஒருவர் கூடவே வந்து ஃபோகஸ் பிடிக்கவும் சொல்லித் தருவார். ஆடியில் தேதி அமைந்தால் கேமராவுக்கே போங்கள். கல்லூரி கொடுத்த கெடு தை மாதத்தில் விழுந்தால் போனைத் துடைத்துச் சார்ஜ் போடுங்கள்.