கிகி, ஷிசுகு, அன்னா: 13 வயதுக்கு எந்தப் படம்?

திருகோணமலையில் ஒரு பெண்பிள்ளை பெரியவளானால் ஊருக்கே தெரிந்துவிடும். மண்டபம், தட்டங்கள், மாமன்மார், கனமான ஆல்பம். சாமத்திய வீடு முடிந்த கையோடு, அதுவரை டச்சுக் குடாக் கரையில் ஓடித்திரிந்தவளுக்கு விளக்கு வைக்குமுன் வீடு திரும்பும் சட்டமும் வந்துவிடும். ஜப்பானின் ஜிப்லி ஸ்டுடியோ எடுத்த மூன்று அனிமேஷன் படங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. அந்த வயதில்தான் பெரியவர்கள் பிள்ளையின் கையை விடுகிறார்கள். விடுமுறையில் மகளுடன் அமர்ந்து பார்க்க ஒன்றைத் தேடும் பெற்றோருக்காகவே இந்த அலசல்.

ஹயாவோ மியாசாகியின் 'கிகிஸ் டெலிவரி சர்வீஸ்' (1989), யொஷிஃபுமி கொண்டோவின் 'விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்' (1995), ஹிரோமாசா யொனெபயாஷியின் 'வென் மார்னி வாஸ் தேர்' (2014). இவற்றின் நாயகிகள் முறையே கிகி, ஷிசுகு, அன்னா. மூன்றிலும் வில்லன் கிடையாது. நடுவழியில் பிள்ளை சோர்ந்து போகிறாள், அவ்வளவுதான். அப்போது கைகொடுப்பவர் சொந்தக்காரராகவும் இருப்பதில்லை. கிகிக்குக் காட்டில் படம் வரையும் உர்சுலா, ஷிசுகுவுக்குப் பழம்பொருள் கடைத் தாத்தா, அன்னாவுக்குக் கரையோரம் ஓவியம் தீட்டும் ஹிசாகோ. மூவருமே கலையோடு வாழ்கிறவர்கள். ஒருவரும் அறிவுரை மழை பொழிவதில்லை.

கிகி 13 வயதில் வீட்டைவிட்டுப் போகும் சூனியக்காரி. பறப்பது ஒன்றே தெரியும். அதையே பொதி கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலாக்குகிறாள். கொட்டும் மழையில் நனைந்து ஒரு பாட்டி பேத்திக்கு அனுப்பும் மீன் பலகாரத்தைச் (pie) சேர்ப்பிக்கிறாள். பேத்தியோ முகம் சுளிக்கிறாள். உழைப்புக்கு மரியாதை கிடைக்காத அந்த வலியை எந்தப் பிள்ளையும் புரிந்துகொள்ளும். என் குறை முடிவில்தான். நடுவில் இழந்த பறக்கும் சக்தி, ஆகாயக் கப்பல் விபத்தின் பரபரப்பில் திரும்பிவிடுகிறது. அவ்வளவு சுலபமா?

மார்னி படம் மூன்றிலும் கனமானது. ஆஸ்துமாக்காரியான 12 வயது அன்னா, தன்னை வளர்ப்பதற்கு அரசு பணம் கொடுக்கிறது என்று அறிந்து, வளர்ப்புத் தாயின் அன்பையே சந்தேகிக்கிறாள். போருக்கும் 2004 சுனாமிக்கும் பிறகு உறவினர் வீடுகளில் பிள்ளைகள் வளர்ந்த ஊரில் இந்தக் கேள்வி எளிதில் கடந்துபோகாது. இன்னொன்று: அன்னா கடல் வற்றிய சேற்றில் நடந்து, மார்னி என்ற சிறுமியைச் சந்திக்கும் பழைய வீட்டுக்குப் போவாள். நம் கடலில் வற்றும் பெருக்கும் மிகக் குறைவு. கடல் உள்வாங்கினால் நம் பெற்றோருக்கு நெஞ்சு பதறும். அருகில் ஒருவர் இருந்து பார்க்க வேண்டிய படம்.

என் தெரிவு ஷிசுகு. 14 வயது, உயர்நிலைப் பள்ளி நுழைவுப் பரீட்சை நெருங்குகிறது. அவளோ பாடத்தை ஒதுக்கிவிட்டுக் கதை எழுதுகிறாள், புள்ளிகள் சரிகின்றன. அக்கா சண்டை பிடிக்கிறாள். நம் வீடுகளில் இந்த இடத்தில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை; ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக் காலத்திலேயே பழகிவிட்டோம். படத்தில் தகப்பன் மேசையில் உட்கார்ந்து கேட்கிறார். மற்றவர்களைப் போலல்லாத வழியில் போனால் கஷ்டம் வரும், பிறரைக் குறைசொல்ல முடியாது என்கிறார், பிறகு விட்டுவிடுகிறார். எழுதி முடித்த கதையும் அற்புதமாக இல்லை. இன்னும் பட்டை தீட்டாத கல் என்கிறார் தாத்தா. மந்திரம் எதுவும் காப்பாற்றாத இந்த முடிவில்தான் எனக்கு நம்பிக்கை.

பத்து வயதுத் தங்கை ஒருத்தி கூட இருந்தால் கிகியையே போடுங்கள், பூனை ஜிஜி அவளைக் கவனித்துக்கொள்ளும். ஷிசுகு படத்துக்கு மட்டும் ஒரு முன்னெச்சரிக்கை: கடைசி நிமிடத்தில் அவளுக்குப் பிடித்த பையன் கல்யாணப் பேச்சை எடுத்துவிடுவான். அம்மம்மா அருகில் இருந்தால், அந்த நேரம் பார்த்துத் தேநீர் போடச் சொல்லுங்கள்.