எட்டு கோரில் ஏழு சும்மா இருக்கின்றன: யூபிஎக்ஸுடன் ஆறு ஆண்டுகள்

பட்டர்வொர்த்தில் மென்பொருள் எழுதும் தம்பி ஒருவர் சென்ற வாரம், "அண்ணே, யூபிஎக்ஸை இன்னும் பயன்படுத்துகிறீர்களா, நம்பி இறங்கலாமா?" என்று கேட்டிருந்தார். செயலிக் கோப்புகளின் அளவைச் சுருக்கித் தரும் கருவிதான் யூபிஎக்ஸ் (UPX). ஒரே வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன்.

பினாங்கு லெபோ பாசாரைச் சுற்றியுள்ள மளிகைக் கடைகளுக்கு, கோ (Go) என்னும் நிரல்மொழியில் பில் போடும் செயலி எழுதிக் கொடுக்கிறேன். அம்மொழி தனக்கு வேண்டிய அனைத்தையும் உள்ளேயே கட்டிக்கொள்வதால், சின்னச் செயலியும் 14 எம்பி ஆகிவிடுகிறது. கடைக் கணினிகளில் பல முதலாளியின் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பியிருப்பவை என்பதால், யூபிஎக்ஸில் போட்டால் அது 4 எம்பி சொச்சமாகச் சுருங்குவது எனக்குப் பெரிய உதவி. சுருக்கிய கோப்பு நினைவகத்திலேயே விரிந்து ஓடுகிறது; வேண்டாமென்றால் ஒரே கட்டளையில் விரித்துக்கொள்ளலாம். ஆறு ஆண்டுகளில் என் கோப்பு ஒன்றைக்கூட யூபிஎக்ஸ் கெடுத்ததில்லை.

என் எரிச்சல் அதிலுள்ள 'அல்ட்ரா புரூட்' என்னும் தெரிவைப் பற்றியது. சுருக்கும் முறைகளையும், நன்றாகச் சுருங்கும்படி கோப்பை முன்கூட்டியே மாற்றியமைக்கும் வடிப்பான்களையும் ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டு, எது மிகச் சிறியதாக வருகிறதோ அதை வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. ஒன்றையொன்று எதிர்பார்க்காத இந்தச் சோதனைகளைப் பிரித்துக் கொடுத்தால் என் கணினியில் தனித்தனியாகக் கணக்குப் போடும் எட்டு கோர்களும் சேர்ந்து முடித்துவிடும். ஆனால் ஒரு கோர் மட்டும் மூச்சு வாங்க, மற்ற ஏழும் கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்து உறவினர்களைப் போல உட்கார்ந்திருக்கின்றன. புதிய பதிப்பு வெளியிடும் இரவுகளில் மூன்று செயலிகளையும் சுருக்கி முடிப்பதற்குள் தே தாரிக் ஆறிப்போய்விடுகிறது.

பல கோர்களைப் பயன்படுத்தும் வசதி வேண்டும் என்று யூபிஎக்ஸை உருவாக்குபவர்களுக்குக் கோரிக்கை எழுதினேன். நான்கு முறை எழுதி நான்கு முறையும் அழித்தேன். இலவசமாகக் கிடைக்கும் கருவி அது. மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. "நீயே எழுதி அனுப்பேன்" என்று யாராவது சொன்னால் என்னிடம் பதில் இல்லை. சோதனைகள் ஒரே நேரத்தில் ஓடினால் ஒவ்வொன்றும் தனியாக நினைவகம் கேட்கும் என்பதும் தெரியும். அதைவிட வெட்கம், 'பெஸ்ட்' தெரிவுடன் எல்இசட்எம்ஏ (LZMA) என்னும் ஒரு சுருக்கும் முறையை மட்டும் சேர்த்தாலே என் செயலிகள் சில விநாடிகளில் ஏறக்குறைய அதே அளவுக்கு வந்துவிடுகின்றன. மிச்சமிருக்கும் சில பத்து கேபிக்காகத்தான் இத்தனை ஆத்திரம்.

இதற்கிடையில், தைப்பூசத்துக்கு முந்தைய நாள், கடை நிரம்பி வழியும் நேரத்தில், ஒரு வாடிக்கையாளரின் வைரஸ் தடுப்பு மென்பொருள் என் செயலியைப் பிடித்து அடைத்துவிட்டது. "என்ன தம்பி, வைரஸ் அனுப்பியிருக்கிறீர்களா?" என்றார் முதலாளி. தீங்கு நிரல் எழுதுபவர்களும் இதே கருவியைக் கையாள்வதால், சுருக்கிய கோப்பு என்றாலே சில தடுப்பு மென்பொருள்கள் சந்தேகப்படுகின்றன. இதில் யூபிஎக்ஸின் குற்றம் எதுவும் இல்லை. ஆனாலும் அன்று 14 எம்பி கோப்பை அப்படியே பென்டிரைவில் எடுத்துக்கொண்டு மழையில் ஓடியவன் நான்தான்.

ஆகவே தம்பிக்கு என் பதில்: பணம் கொடுத்து வாங்குபவருக்கு அனுப்பும் செயலியில் இதைத் தொடாதீர்கள். நான் இன்று காலையும் என் சொந்தச் செயலி ஒன்றை 'அல்ட்ரா புரூட்'டில் போட்டுவிட்டுத்தான் இதை எழுதத் தொடங்கினேன். இன்னும் முடியவில்லை, கோரிக்கையை ஐந்தாவது முறையாக எழுத நேரம் இருக்கிறது.