அம்மாவின் கையும் கோர்ட் வாசல் புரோக்கரும்

ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கம் நட்டஈட்டுக்காக அலைகிற தோட்டத்து ஆட்கள் இதைப் பொறுமையாக வாசியுங்கள். "லோயர் அய்யாவோட ஆள் நான்" என்று வருகிறவனிடம் ஒரிஜினல் பேப்பர் ஒன்றைக்கூடக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிறோம் நாங்கள்.

2022 ஓகஸ்ட், அடைமழை. அம்மா கொழுந்து மலையில் வழுக்கி விழுந்து வலது முன்கை முறிந்தது. தோட்ட லொறியில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், பிளாஸ்டர் கட்டுப் போட்டு வார்டில் படுக்க வைத்தார்கள். அன்றிரவே விரல்கள் வீங்கி, நீலம் பாய்ந்து, மரத்துப்போயின. கட்டு இறுக்குகிறது என்று அம்மா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். பொறுத்துக்கொள்ளச் சொல்லி இரண்டு பனடோல் கொடுத்தார்கள். மறுநாள் பகல் பெரிய டொக்டர் வந்து பார்த்த பிறகுதான் கட்டை வெட்டினார்கள். அதற்குள் இரத்த ஓட்டம் தடைப்பட்டு உள்ளே தசை செத்துவிட்டது. இப்போது விரல்கள் உள்பக்கமாக மடங்கியே கிடக்கின்றன. தேத்தண்ணிக் கோப்பையை இடது கையால் தூக்கி, வலது கைக்குள் செருகி வைத்துக் குடிக்கிறார்.

நான் கொழும்பில் கடை வேலை. லீவில் வந்தபோது கோர்ட்டுக்கு எதிரே உள்ள தேத்தண்ணிக் கடையில் அந்த ஆளைச் சந்தித்தேன். "தம்பி, ஒன்னும் யோசிக்காதீங்க. ஐம்பது லட்சம் குடுத்த கேஸ் இருக்கு" என்று மடித்து வைத்திருந்த பழைய பேப்பர் கட்டிங் ஒன்றைக் காட்டினான். அது 1992இல் இறந்துபோன ஒரு சிறுமியின் வழக்கு. மாவட்ட நீதிமன்றம் 50 லட்சம் தீர்ப்பளித்தது உண்மைதான். மேன்முறையீட்டில் அது வெகுவாகக் குறைந்ததையும், 2001இல் உயர் நீதிமன்றம் "டொக்டரின் கவனக்குறைவு இருந்தது, ஆனால் மரணத்துக்கு அதுதான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை" என்று சொல்லி எல்லாவற்றையும் தள்ளியதையும் நான் பிறகுதான் அறிந்தேன். அவன் கட்டிங்கில் முதல் பாதிதான் இருந்தது!

முதலில் 15,000. பிறகு "டொக்டர் ரிப்போர்ட்டுக்கு" 40,000. அம்மாவின் தோடு அடகுக்குப் போனது அதற்குத்தான். ரசீது கேட்டால் "அண்ணன் மேல நம்பிக்கை இல்லையா?" என்பான். டயக்னோசிஸ் கார்ட், எக்ஸ்ரே, க்ளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரு பச்சை ஃபைலில் வாங்கிக்கொண்டான். மூன்று வெற்றுத் தாள்களில் அம்மாவின் இடது கைப் பெருவிரலை அழுத்தி எடுத்தான். நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதை நினைத்தால் இன்றும் என்னையே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கேட்டபோதெல்லாம் "திகதி தள்ளிப் போயிருக்கு" என்றான். 2024 ஒக்டோபரில் அவன் எழுதித் தந்த வழக்கு நம்பரோடு கோர்ட் அலுவலகத்துக்கு நானே போனேன். கிளார்க் புத்தகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அது யாரோ ஒரு பெண் புருஷனிடம் பிள்ளைச் செலவு கேட்டுப் போட்ட தாபரிப்பு வழக்கு. அது நீதவான் நீதிமன்றத்தில் நடப்பது. நட்டஈட்டு வழக்குப் போடும் இடம் மாவட்ட நீதிமன்றம் என்றார்.

அங்கிருந்து சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைக்குப் போனேன். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே காசில்லாமல் ஆலோசனை கிடைக்கும். அந்தப் பெண் சட்டத்தரணி முதலில் கேட்டதே விழுந்த திகதியைத்தான். சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார். இந்த மாதிரி காயத்துக்கு நட்டஈடு கேட்க 1871ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டே வருடம். எங்களுக்கு அது ஓகஸ்டிலேயே முடிந்துவிட்டது. அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் சட்டமா அதிபரைத்தான் எதிராளியாக்க வேண்டும், அதற்கு ஒரு மாதம் முன்னதாக நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும். ஆக, கையில் இருக்கும் காலம் இரண்டு வருடம்கூட இல்லை. மருத்துவ சபைக்கு சத்தியக்கடதாசியோடு முறைப்பாடு கொடுக்கலாம், ஆனால் அது டொக்டரின் ஒழுக்கத்தை விசாரிக்கும், காசு வாங்கித் தராது.

இன்னொன்றையும் அவர்தான் சொன்னார். அம்மா விழுந்தது வேலை நேரத்தில், தோட்டத்தில். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தோட்ட நிர்வாகத்திடமே கேட்டிருக்கலாம், நிர்வாகத்தின் பிழை என்று நிரூபிக்கத் தேவையில்லை. தொழிற்சங்கத் தலைவரும் சொல்லவில்லை, வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளையும் சொல்லவில்லை. தாமதத்துக்கான காரணத்தை எழுதி இப்போதுதான் கேட்டிருக்கிறோம்.

ஒரிஜினல்கள் போனதால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பித்து வார்ட் டிக்கட்டின் (வார்டில் நோயாளியைப் பற்றி எழுதி வைக்கும் குறிப்பு) பிரதியை எடுத்தோம். அந்த இரவுக்கு இரண்டே வரி: வலி என்கிறார், பனடோல் கொடுக்கப்பட்டது. விரலைப் பார்த்ததாக ஒரு எழுத்து இல்லை. இது 2023லேயே கையில் இருந்திருந்தால் வழக்கே வேறு என்றார் சட்டத்தரணி.

பொலிஸிலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ரசீது இருக்கிறதா என்றுதான் அங்கேயும் கேட்டார்கள். பச்சை ஃபைல் இன்னும் வரவில்லை. போன கிழமை அந்த ஆளிடமிருந்து போன் வந்தது. அடுத்த திகதிக்கு ஒரு மூவாயிரம் போட்டுவிட முடியுமா என்று.