கார்டு போயிடுச்சு என்றால் உடனே கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள்

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். நாங்கள் இருக்கும் பள்ளத்தில் செல்போன் சிக்னல் நிற்காது. இலை வண்டி எங்கே வருகிறது என்பதிலிருந்து குன்னூர் ஏலத்து விலை வரை எல்லாமே மேஜை போன்தான். 8 எக்ஸ்டென்ஷன் உள்ள பழைய இன்டர்காம் பெட்டி.

ஐப்பசி மழை பிடித்ததும் என் மேஜை போனில் மட்டும் கரகரவென்று சத்தம். காலையில் டயல் டோனே வராது. மதியம் வெயில் வந்தால் தானாகச் சரியாகிவிடும். டவுனிலிருந்து மெக்கானிக் ஒருவரை வரவழைத்தோம். அவர் என் மேஜைப் பக்கமே வரவில்லை. நேராக இன்டர்காம் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த சர்க்யூட் பலகையைக் காட்டி, "கார்டு போயிடுச்சு மேடம், பழைய மாடல், கோயம்புத்தூர்லதான் கிடைக்கும்" என்றார். 6,500 ரூபாய். கார்டைக் கழற்றிக்கொண்டு போனவர் நான்கு நாள் கழித்து வந்தார். அதுவரை எட்டு போனும் ஊமை. அவர் மாட்டிய அன்று நல்ல வெயில், போன் கணீரென்று பேசியது. பில்லை அப்புறம் தருகிறேன் என்றார். நம்பிப் பணம் கொடுத்தோம்.

மூன்றாம் நாள் மூடுபனி இறங்கியது, கூடவே கரகரப்பும். கூப்பிட்டுக் கேட்டால், "அது வேற கம்ப்ளைன்ட் மேடம், இன்னொரு கார்டு பார்க்கணும்."

பக்கத்து லைன் வீட்டில் குடியிருக்கும் ரிட்டையர்டு லைன்மேன் ஐயாவிடம் அழாத குறையாகச் சொன்னேன். "முதல்ல போனை இடம் மாத்திப் பாரும்மா" என்றார். என் போனை ஸ்டோர் ரூமிலும், அங்கிருந்ததை என் மேஜையிலும் மாட்டினோம். என் போன் அங்கே சுத்தமாகப் பேசியது. ஸ்டோர் போன் என் மேஜையில் கரகரத்தது. அப்படியானால் கோளாறு போனில் இல்லை, என் மேஜைக்கு வரும் லைனில். ஜன்னலுக்குக் கீழே சுவரில் இருந்த ரோசெட் பாக்ஸை, அதாவது போன் வயர் வந்து சேரும் சின்னப் பெட்டியை, திறந்தார். திருகுகளில் பச்சைப் பச்சையாகக் களிம்பு, செம்புக் கம்பி முடியளவுக்கு இற்றுப்போயிருந்தது. ஈரம் ஏறும்போது அந்த ஜாயின்ட் வழியாக கரன்ட் கசிகிறது, காய்ந்ததும் நின்றுவிடுகிறது. கெட்டுப்போன நுனியை வெட்டி, புதுக் கம்பி சீவி, வேறு பாக்ஸ் மாட்டினார். 60 ரூபாய்.

கோளாறு போனோடு கூடவே போயிருந்தால் முதலில் ரிசீவரின் சுருள் வயரைப் பார்க்கச் சொன்னார். பிளக் ஓரத்தில் உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கும். காதில் வைத்தபடி அந்த இடத்தை மெல்ல வளைத்தால் சத்தம் வந்து வந்து போகும். அடுத்தது ரிசீவர் வைக்கும் இடத்து சுவிட்ச். அதன் கான்டாக்டில் அழுக்கு ஏறியிருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தாலே போதுமாம்.

போகும்முன் ஐயா இன்டர்காம் பெட்டியையும் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் 'புது' கார்டின் மூலையில், எங்கள் பழைய கிளார்க் நீல மார்க்கரில் எழுதிய எண் அப்படியே இருந்தது. நெஞ்சு கொதித்துவிட்டது. எங்கள் கார்டையே நான்கு நாள் வைத்திருந்து எங்களுக்கே விற்றிருக்கிறார்.

கடைக்குப் போய்க் கேட்டோம். "பில் இருக்கா?" என்கிறார். யாரிடம் கொடுத்தாலும், கழற்றுவதற்கு முன்பே கார்டின் சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பில் கைக்கு வராமல் பணத்தை நீட்டாதீர்கள். எங்கள் 6,500 இன்னும் திரும்பி வரவில்லை.