டி3 வேனுக்குக் காற்று எடுத்த கதை: ஒன்பது வருடம், மூன்று தடவை

எங்களிடம் இருப்பது 1987 மாடல் ஃபோக்ஸ்வாகன் டி3. 1.9 லிட்டர், 78 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின். ஸ்டுட்கார்ட் பக்கத்தில் வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. இதுவரை மூன்று முறை கூலண்டை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை, முழுக்க இறக்கி ஏற்றியாயிற்று. ஏற்றும்போது குழாய்க்குள் சிக்கிக்கொள்ளும் காற்றை வெளியே எடுப்பதுதான் பெரும்பாடு. பெட்ரோல் எவ்வளவு குடிக்கிறது என்பதை இன்னொரு நாள் சொல்கிறேன். இப்போது அந்த மூன்று தடவை மட்டும்.

இந்த வண்டியில் எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் மூக்கில். இரண்டுக்கும் நடுவே வண்டியின் அடிவயிற்றில் இரண்டு நீளக் குழாய்கள். சுமார் 16, 17 லிட்டர் கூலண்ட் பிடிக்கும். போதாததற்கு முன்னால் ஒரு ஹீட்டர், எங்கள் வண்டியில் பின்சீட்டுக்கு அடியில் இன்னொன்று. காற்று ஒளிந்துகொள்ள இடத்துக்குப் பஞ்சமே இல்லை. ஊரில் கிணற்று மோட்டார் வைத்திருந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஃபுட் வால்வ் கசிந்து காற்றுப் புகுந்துவிட்டால் மோட்டார் உறுமும், தண்ணீர் வராது. குடம் குடமாக ஊற்றித்தான் இழுக்க வைக்க வேண்டும். இங்கேயும் அதே கதைதான், குழாய்தான் வேறு.

முதல் தடவை ஹோஸ்களை மாற்ற ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். சமதளத்தில் நிறுத்தியபடியே கூலண்ட் டேங்கை நிரப்பி, "முடிந்தது" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஏ8 சாலையில் மூல்ஹவுசன் தாண்டி மலையேறும்போது எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே போக ஆரம்பித்தது. ஹீட்டரைத் திருப்பினால் பச்சைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்த காற்று வருகிறது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஓரங்கட்டி முன்கிரில் வழியே கைவைத்துப் பார்த்தேன்: எஞ்சின் கொதிக்கிறது, ரேடியேட்டர் ஜில்லென்று இருக்கிறது. ஃபேனை ஓட வைக்கும் சுவிட்ச் ரேடியேட்டரில்தானே இருக்கிறது; சூடு அதுவரை வந்து சேராததால் ஃபேனும் வாயைத் திறக்கவில்லை. கூலண்ட் டேங்க் மூடியைத் தொடாமல் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். சூட்டில் அந்த மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும்.

இரண்டாம் தடவை நானே இறங்கினேன். வண்டியின் மூக்கைச் சுமார் 40 சென்டிமீட்டர் தூக்க வேண்டும். ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் உட்காரவைத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தேன். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். ஹீட்டர்கள் இரண்டையும் முழுச் சூட்டில் திறந்துவிட வேண்டும். மேல் கிரிலைக் கழற்றினால் ரேடியேட்டரின் உச்சியில் காற்று விடும் திருகு தெரியும். மூக்கைத் தூக்குவதே அந்த இடம் உயரமாகி, காற்று அங்கே வந்து சேரத்தான்.

இதற்கு ஆள் வேண்டும். மனைவி ஆக்சிலரேட்டரில், நான் திருகில், பக்கத்து வீட்டு நண்பர் பின்னால் கேனோடு. 2000 ஆர்பிஎம்மில் பிடித்திருக்க, திருகைத் தளர்த்தினால் முதலில் புஸ்ஸென்று காற்று, அப்புறம் கக்கிக் கக்கிக் கூலண்ட், கடைசியில் குமிழே இல்லாத சீரான ஒழுக்கு.

"ஏங்க, கால் மரத்துப்போச்சு, விடட்டுமா?"

"விட்டுடாதே, இன்னும் கொஞ்சம்!"

அவர் பாவம், எனக்கும் பதற்றம். ஆனால் இதில்தான் சூட்சுமம். முதல் முயற்சியில் ஆக்சிலரேட்டரை விட்ட பிறகு திருகை மூடினேன். வேகம் இறங்கிய நொடியில் அது வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. மறுபடி முதலிலிருந்து. எஞ்சின் அதே வேகத்தில் ஓடும்போதே திருகை மூடிவிட வேண்டும், பிறகுதான் காலை எடுக்க வேண்டும். ஊற்றுபவரும் டேங்கைக் காலியாக விடக்கூடாது.

மூன்றாம் தடவை நண்பர் ஒருவர் வேக்குவம் ஃபில்லர் கொடுத்தார். கம்ப்ரஸரில் மாட்டி உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சியெடுத்து, அந்த வெற்றிடத்துக்குள் கூலண்டை இழுக்கவிடும் கருவி. நல்ல சாமான்தான். எங்கள் வண்டியில் வெற்றிடத்தைக் காட்டும் கருவியின் முள் நிற்காமல் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தது. தேடிப் பார்த்தால் பழைய பிளாஸ்டிக் குழாயின் முனையில் ஹோஸ் சேரும் இடத்தில் காற்று இழுக்கிறது. வெளியே சொட்டுகூட ஈரமில்லை. குழாய்களைத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றினேன். மாற்றியதும் முள் அசையாமல் நின்றது, அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. கருவி கிடைத்தால் அதையே பயன்படுத்துவேன். இரவல் கிடைக்காவிட்டால் ஜாக்கியும் மனைவியின் பொறுமையும் போதும், விலை கொடுத்து வாங்க மாட்டேன்.

கூலண்ட் நிறத்தைப் பார்த்து ஊற்றாதீர்கள். பழைய நீல ஜி11 வகைக் கூலண்ட் இருந்த வண்டியில் சிவப்பு ஜி12 வகையைக் கலந்தால் பழுப்புக் குழம்பாகிவிடும். கேனில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

எப்படிச் செய்தாலும் முதல் சில ஓட்டங்களில் மிச்சக் காற்று வெளியேறி மட்டம் இறங்கும். சூட்டு முள் நடுவில் இருக்கும்போதே சிவப்பு விளக்கு மினுக்கினால் பயப்பட வேண்டாம், டேங்கில் மட்டம் குறைந்தாலும் எங்கள் மாடலில் அதே விளக்குதான் மினுக்கும். ஆறவிட்டுப் பாருங்கள். நான் இப்போதும் பின்சீட்டுக்கு அடியில் கலந்துவைத்த கூலண்ட் இரண்டு லிட்டர் வைத்திருக்கிறேன். கடைசித் தடவைக்குப் பிறகு அதில் அரை லிட்டர்தான் செலவாகியிருக்கிறது.