காரணியா, மடங்கா?

இரண்டும் ஒரே பெருக்கலில் பிறந்தவை. அதனால்தான் மாணவர்கள் மாற்றி எழுதிவிடுகிறார்கள். 3 × 4 = 12 என்பதை எடுத்துக்கொள்வோம். இதில் 3 என்பது 12-இன் காரணி, 12 என்பது 3-இன் மடங்கு. எந்த எண்ணின் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதுதான் வித்தியாசம்.

மடங்கு எளிது. வாய்ப்பாடு தெரிந்தால் போதும்: 12-இன் மடங்குகள் 12, 24, 36, 48 என்று முடிவில்லாமல் போகும்.

காரணிக்குத்தான் பொறுமை வேண்டும். ஓர் எண்ணை மீதியின்றி வகுப்பது எதுவோ அதுவே காரணி. ஜோடி ஜோடியாகத் தேடுவதுதான் நல்ல வழி: 1-உம் 12-உம், 2-உம் 6-உம், 3-உம் 4-உம். ஆறே எண்கள், பட்டியல் முடிந்தது.

அப்புறம், பெரிய குழப்பம் ஒன்று. 12, 18 இரண்டுக்கும் மீப்பெரு பொதுக் காரணி, அதாவது இரண்டுக்கும் பொதுவான காரணிகளில் மிகப் பெரியது, 6. மீச்சிறு பொது மடங்கு, அதாவது பொதுவான மடங்குகளில் பூஜ்ஜியத்தை விட்டு மிகச் சிறியது, 36. ‘மீப்பெரு’ சிறிய விடையையும் ‘மீச்சிறு’ பெரிய விடையையும் தருகிறதே என்று திகைக்க வேண்டாம். பெயரின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். காரணி அந்த எண்ணைத் தாண்டாது. பூஜ்ஜியத்தை விட்டுவிட்டால், மடங்கு அதற்குக் கீழே இறங்காது.