வீட்டுக்கு கிகாபிட் சுவிட்ச்சா, பழைய 100 போதுமா, இல்ல மெஷ்ஷே வாங்கிரலாமா?

தக்கலை பக்கம் நம்ம வீடு, கீழ ஹால்ல ஃபைபர் மோடம், அங்கேருந்து மாடிக்கு ஒரே ஒரு லேன் கேபிள்தான் போவுது, அதுவும் வீடு கட்டும்போதே பைப்புக்குள்ள போட்டது. மாடியில மகனுக்க கம்ப்யூட்டர், எனக்க ஆபீஸ் லேப்டாப், டிவி, இன்னொரு வைஃபை பெட்டி, கேமரா ரெக்கார்டர், இத்தனையும் அந்த ஒத்த கேபிள்ல தொங்கணும். இதுக்குதான் சுவிட்ச். கரண்டுக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாதிரி நெட்டுக்கு ஒரு பாக்ஸ், சொருகினா ஓடும், பாஸ்வேர்டு கிடையாது, செட்டிங்ஸ் கிடையாது. அன்மேனேஜ்டுன்னு சொல்லுதது இதைத்தான். ஆனா கடைக்கு போய் நின்னா நாலஞ்சு வகை எடுத்து போடுவான், அதுலதான் நான் ரெண்டு தடவ காசை விட்டேன்.

மொத தடவ விட்டது 100-க்கும் கிகாபிட்டுக்கும் நடுவுல, அதாவது நொடிக்கு 100 மெகாபிட் (எம்பிபிஎஸ்) போற டப்பாவுக்கும் 1000 போறதுக்கும் நடுவுல. நாகர்கோயில்ல ஒரு கடையில "வீட்டுக்கு இது தாராளம் சார்"னு ஒரு 5 போர்ட், அதாவது கேபிள் சொருக அஞ்சு ஓட்டை உள்ள 100 டப்பாவ எடுத்து தந்தாரு, வெலையும் கிகாபிட்டுல பாதிதான், நானும் வாங்கிட்டு வந்தாச்சு. நம்ம பிளான் 300 எம்பிபிஎஸ். மாடியில ஸ்பீடு டெஸ்ட் போட்டா 94. காலையில 94, ராத்திரி 94, எப்ப போட்டாலும் 94. சவம், நெட்டு ஏறி இறங்குனா கம்பெனிக்காரன திட்டலாம், இது அளவு கோல் வச்ச மாதிரி ஒரே எடத்துல நிக்குது. இப்படி 93, 94-ல அசையாம நின்னா நெட்ட குறை சொல்லாதீங்க, எங்கயோ ஒரு எடத்துல 100 எம்பிபிஎஸ் லிங்க் நடுவுல உக்காந்திருக்குன்னு அர்த்தம். 100-ன்னு போட்டிருந்தாலும் டேட்டா துண்டு துண்டா, பாக்கெட்டாதான் போவும், ஒவ்வொண்ணுலயும் ஒட்டுத தலைப்பு அது இதுன்னு கழிச்சு கைக்கு வாறது 94 சொச்சம், கிகாபிட்ல அதே கணக்கு 940 சொச்சம். 100 வந்தது 1995-ல, செம்பு கம்பில ஓடுற கிகாபிட் வந்தது 1999-ல, இப்ப உள்ள வெல வித்தியாசத்துக்கு எதுக்கு 95-ஆம் வருசத்து சாமான வாங்கணும்னு எனக்கு புரியல.

நெட் பிளானே 50, 100தான்னு சொல்லுதவங்க கூட வீட்டுக்குள்ள ஃபைல் காப்பி பண்ணுவீங்கல்லா. தங்கச்சி கல்யாண வீடியோ 50 ஜிபி, ஒரு கம்ப்யூட்டர்லேருந்து இன்னொண்ணுக்கு மாத்த 100-ல ஒரு மணி பத்து நிமிசம் ஆச்சு, கிகாபிட்ல ஏழெட்டு நிமிசம். அந்த டிராஃபிக் கீழ மோடத்துக்கு போகவே போகாது, எந்த மெஷின் எந்த போர்ட்ல இருக்குன்னு சுவிட்ச் தானே பாத்து கத்து வச்சுக்கிட்டு நேரா அங்கேயே தள்ளி விட்டிரும், அதனால மகன் காப்பி போட்டாலும் கீழ அவங்க அம்மா சீரியல் பாக்கதுல ஒரு தடங்கலும் இல்ல.

செரி, கிகாபிட் டப்பா வாங்கியாச்சு, மாட்டியாச்சு, டெஸ்ட் போட்டா... 94. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. டப்பாவ பாத்தா மத்த போர்ட்ல பச்சை எரியுது, கீழேருந்து வாற கேபிள்ல மட்டும் ஆரஞ்சு. சொவத்துல உள்ள பாக்ஸ திருகி கழட்டி பாத்தா விசயம் அங்க கெடக்கு. கேபிளுக்குள்ள எட்டு கம்பி, அதுல ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் மட்டும் சொருகியிருக்கு, நீலத்தையும் பிரவுனையும் சுருட்டி பின்னால தள்ளி இன்சுலேஷன் டேப் ஒட்டி வச்சிருக்கான். 100-க்கு ரெண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேணும், ஒண்ணு விட்டாலும் லிங்க் 100-க்கு எறங்கிரும், இல்லேன்னா லிங்கே வராது. ஆரஞ்சுவெள்ளை, ஆரஞ்சு, பச்சைவெள்ளை, நீலம், நீலவெள்ளை, பச்சை, பிரவுன்வெள்ளை, பிரவுன், இந்த வரிசையில ரெண்டு முனையும் நானே திரும்ப பஞ்ச் பண்ணுனேன், பச்சை லைட்டு வந்துது, 300 வந்துது. செலவு ஒரு பைசா இல்ல. அதனால டப்பா மாத்துக முன்னால ரெண்டு விசயம் பாருங்க, ஒண்ணு கேபிள், கேட்5இ ரகம் போதும், அதுக்கு மேல உள்ள கேட்6 இருந்தா கொள்ளாம், ஆனா அலுமினியத்துல செம்பு பூசி விக்குத மலிவு கேபிள் வேண்டாம். இன்னொண்ணு மோடம். சில மோடத்துல நாலு போர்ட் இருக்கும், அதுல ஒண்ணு மட்டும்தான் கிகாபிட், மத்த மூணும் 100, தெரியாம ரெண்டாவது ஓட்டையில சொருகிட்டு சுவிட்ச்ச ஏசிக்கிட்டு இருப்போம்.

100 டப்பா சுத்த வேஸ்ட்டுன்னு சொல்லல்ல. 4கே டிவி முக்காவாசிக்கு பின்னால உள்ள லேன் போர்ட்டே 100தான், 4கே படத்துக்கு 25 எம்பிபிஎஸ் இருந்தா மிச்சம். ஐபி கேமராவும் அப்படித்தான், ஒண்ணுக்கு சில எம்பிபிஎஸ்தான் ஆவும். கேமராக்குன்னு வாங்குனா லேன் கேபிள்லயே கரண்டும் போற பிஓஇ சுவிட்ச் பாருங்க, கேமரா போர்ட் 100, ரெக்கார்டருக்கு போற போர்ட் மட்டும் கிகாபிட்னு கலந்து வருது, அது கணக்கா இருக்கும்.

ரெண்டாவது காசு விட்டது ஸ்மார்ட் சுவிட்ச்ல. மருமவன் பெங்களூருல ஐடி, "மாமா, விஎலான் இருக்கதா வாங்குங்க"ன்னு சொன்னான், ஒரே சுவிட்ச்ச தனித்தனி நெட்வொர்க்கா பிரிக்குத வசதிதான் விஎலான், அதுக்கு டிபி-லிங்க் கம்பெனிக்க டிஎல்-எஸ்ஜி105ஈ மாதிரி ஸ்மார்ட்னு ஒரு வகை உண்டு, பாக்க சாதா எஸ்ஜி105 போலவே இருக்கும், உள்ள ஒரு வெப் பேஜ் தொறந்து போர்ட்ட பிரிக்கலாம், முன்னுரிமை குடுக்கலாம். வாங்கி ஒரு வருசம் வச்சிருந்தேன், மொத நாள் பாஸ்வேர்டு மாத்துனதோட செரி, அந்த பேஜ நான் தொறக்கவே இல்ல. விஎலான் பிரிச்சா மட்டும் பத்தாது, அதை புரிஞ்சுக்குற ரவுட்டரும் வேணும், நம்ம கம்பெனி குடுத்த மோடம் அதுக்கு ஒத்து வரல்ல. கன்னியாகுமரியில ஹோம்ஸ்டே நடத்துத ஆளா, வாற விருந்தாளி நெட்டையும் வீட்டு கேமராவையும் தனியா பிரிக்கணுமா, அப்ப வாங்குங்க, அர்த்தம் உண்டு. நாலு பேரு உள்ள வீட்டுக்கு எதுக்கு?

ஆனா ஒரே ஒரு நாள் அன்மேனேஜ்டு என்னைய நல்லா வச்சு செஞ்சுது. ஸ்மார்ட் டப்பாவ கழட்டி தம்பிக்கு குடுத்துட்டு சாதா 8 போர்ட் மாட்டின பெறவு நடந்தது. ஒரு சாயங்காலம் வீடு முழுக்க நெட்டு செத்துது, வைஃபை காட்டுது ஆனா ஒண்ணும் தொறக்கல. மோடத்த மூணு தடவ அணைச்சு போட்டேன், கஸ்டமர் கேர்ல பாட்டு கேட்டேன், மாடிக்கு போனா சுவிட்ச்ல அத்தனை லைட்டும் ஒண்ணா, நிக்காம, வெறி புடிச்ச மாதிரி துடிக்குது. விசயம் என்னன்னா அம்மை தூசி தட்ட வந்திருக்கா. "மக்களே, ஒரு கயறு வெறுதே தொங்கி கெடந்துது, அதான் அந்த ஓட்டையில சொருகி வச்சேன்." கேபிளுக்க ஒரு முனை ஏற்கனவே சுவிட்ச்ல, மறு முனையையும் அதே சுவிட்ச்ல சொருகியாச்சு, எல்லாருக்கும்னு போற பாக்கெட் வெளிய போக வழியில்லாம சுத்தி சுத்தி பெருகி மொத்த வீட்டையும் அமுக்கிட்டுது. ஆபீஸ்ல வைக்குத, செட்டிங்ஸ் நெறைய உள்ள மேனேஜ்டு டப்பா இதை கண்டுபுடிச்சு போர்ட்ட அடைக்கும், ஸ்மார்ட்லயும் அந்த வசதி இருக்குதது உண்டு, சாதாவுல பெரும்பாலும் கிடையாது. இருந்தாலும் இதுக்காக நான் இன்னொரு ஸ்மார்ட் வாங்க மாட்டேன்.

கேபிளே வேண்டாம், ரெண்டு மூணு பெட்டி சேந்து ஒரே வைஃபையா ஓடுத மெஷ் போட்டா போதாதான்னு கேப்பாங்க. நம்ம பக்கத்து பழைய ஓட்டு வீடுன்னா ஒரு ரவுட்டரே ஓரளவு போவும், ஆனா கான்கிரீட் மாடி வீட்டுல 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சிக்னல் கான்கிரீட் தட்ட தாண்டி மேல வரும்போது பாதி உயிர் போயிருக்கும். மலிவான ரிப்பீட்டர் ஒரே ரேடியோவுல வாங்கி அதே ரேடியோவுல திரும்ப விடுதனால வேகம் பாதியாயிரும். மெஷ் நல்லதுதான், ஆனா ரெண்டு பெட்டிக்கு நடுவுல லேன் கேபிள் குடுத்தாதான் அது மெஷ்ஷுக்க முழு குணத்த காட்டும், அப்ப திரும்ப சுவிட்ச்லதான் வந்து நிக்கோம். கேபிள் போட வழியே இல்லாதவங்களுக்கு மெஷ், வழி உள்ளவங்களுக்கு கேபிள். கரண்டு வயர்லயே நெட்டு அனுப்புத பவர்லைன் அடாப்டர் இருக்கு, அது வீட்டு வயரிங் யோகத்த பொறுத்தது, இன்வெர்ட்டர், தனி ஃபேஸ்னு இருந்தா நம்ப முடியாது, நான் அதை தொடல.

இனி இடி. பின்னால தம்பி வீட்டுக்கு தென்னை மரம் வழியா லேன் கேபிள் இழுத்திருந்தேன், நாப்பது மீட்டர் இருக்கும், கணக்குப்படி 100 மீட்டர் வரைக்கும் போவலாம்ங்கதால தைரியமா இழுத்தேன். ஐப்பசியில ஒரு மத்தியானம் பக்கத்து ரப்பர் தோட்டத்துல இடி விழுந்துது, நம்ம வீட்டுல விழல்ல, இருந்தும் சுவிட்ச்ல ரெண்டு போர்ட் செத்துது, தம்பி வீட்டு ரவுட்டரும் போச்சு. ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல செம்பு இழுக்காதீங்க, அவ்வளவுதான். இப்ப லேன் கேபிள ஃபைபருக்கு மாத்தி குடுக்குத மீடியா கன்வெர்ட்டர் ரெண்டு வாங்கி நடுவுல ஃபைபர் போட்டாச்சு, இரும்பு கம்பி இல்லாத ஃபைபரா பாத்து போட்டோம், கண்ணாடியில கரண்டு பாயாது.

பிளாஸ்டிக்கா மெட்டலா? டிபி-லிங்க் எல்எஸ்1005ஜி மாதிரி பிளாஸ்டிக்கும் அதே வேகம்தான், ஃபேன் ரெண்டுலயும் கெடையாது, மெட்டல் சூட்ட கொஞ்சம் நல்லா வெளிய விடும். அட்டைப்பெட்டில 10 ஜிபிபிஎஸ், அதாவது நொடிக்கு 10 கிகாபிட்னு போட்டிருக்கத பாத்து மயங்கிராதீங்க, 5 போர்ட், ஒவ்வொண்ணும் போக ஒண்ணு வர ஒண்ணு, கூட்டுனா 10, ஒரு போர்ட்டுக்கு ஒண்ணுதான். கொளச்சல், முட்டம் மாதிரி கடலோரம்னா டப்பாவ விட கேபிள் முனையதான் உப்புக்காத்து திங்கும், ஜன்னல் பக்கம் வைக்காதீங்க. அடாப்டர்ல பேரு எழுதி ஒட்டுங்க, எனக்க சுவிட்ச்சுக்கு 5 வோல்ட், மோடத்துக்கு 12, பின்னு ரெண்டும் ஒண்ணு போல, மாத்தி சொருகுனா கதை முடிஞ்சுது. கரண்டு போனா மோடத்துக்கு மினி யுபிஎஸ் வச்சிட்டு சுவிட்ச்ச மறந்துருவோம், நானும் மறந்தேன், அதை இன்வெர்ட்டர் லைன்ல உள்ள பிளக்குக்கு மாத்துனேன்.

5 போர்ட் வாங்குனா ஒண்ணு கீழேருந்து வாற கேபிளுக்கே போயிரும், மிச்சம் நாலுதான், அதனால 8 வாங்குங்க. எனக்கு இப்ப எட்டுல ஆறு நெறஞ்சாச்சு, காலியா உள்ள ரெண்டு ஓட்டையிலயும் அம்மை கண்ணு படாம கறுப்பு டேப் ஒட்டி வச்சிருக்கேன்.